கேள்வி இல்லாமல் வந்த பதில்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து மொத்தமே நாலு. கூரை வீடு மாதிரி நிற்பது ஏ. இரண்டு தொந்தி போட்டது பி. அரிவாள் மாதிரி வளைந்தது சி. பாதி இட்லியை நிமிர்த்தி வைத்தால் டி. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த நாலையும் எந்தக் கூட்டத்தில் கலந்து போட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

என் வீட்டுக்காரர் வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். ஃபேக்டரியில் ஃபிட்டர். பெங்களூரில் ஜீவனஹள்ளிக்கு அந்தப் பக்கம் கம்பெனி கொடுத்த கோட்டர்ஸில் இருந்தோம். கேபிள் டிவி வந்த புதுசு. காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் ஒருத்தருக்கு வேலை உண்டு, எனக்கு வயசு தாண்டிவிட்டது, பெண் பி.யூ.சி. முடித்திருப்பதால் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதலாம் என்றார். இங்கிலீஷ் பரீட்சை. ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். தேறினால் வேலையும் கிடைக்கும், வீடும் நிலைக்கும். தேறாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குடித்திருந்தாலும் இறங்கியிருக்காது.

என் பெண் கன்னட மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷ் அவளுக்கு மார்க் வாங்கிய பாடம், அவ்வளவுதான், பேசிய பாஷை இல்லை. பரீட்சையில் ஒரு வாக்கியம் கொடுத்து நடுவில் கோடு போட்டு விட்டிருப்பார்களாம். கீழே ஏ, பி, சி, டி என்று நாலு விதமாக வார்த்தை இருக்கும். எது பொருந்தும் என்று பார்த்து எடுக்க வேண்டும். நாலும் ஒன்று போலவே இருக்கும்மா, அதுதான் பயம் என்பாள்.

பக்கத்து வரிசையில் டியூஷன் எடுக்கிற மிஸ் ஒருத்தர் இருந்தார். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நல்ல தமிழ் பேசுவார். விஷயம் தெரிந்து, சாயந்திரம் அனுப்புங்க அக்கா, சும்மாவே சொல்லித் தர்றேன் என்றார். வேண்டாம், வீட்டிலேயே படிக்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு உதட்டுக்குள் சிரித்தார். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

அவென்யூ ரோட்டில் பழைய கைடு ஒன்று வாங்கினோம். கடைசிப் பக்கங்களில் நம்பர் போட்டு, பக்கத்தில் சரியான எழுத்து. அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டாள். தினமும் நான் காய் நறுக்க உட்காரும்போது அவள் எதிரே உட்காருவாள். நம்பரைச் சொல்லி, வாக்கியத்தை வாசித்து, எழுத்தைச் சொல்லுவாள். நான் தாளைப் பார்த்து, சரி என்பேன், இல்லை என்பேன். வாக்கியம் என் காதுக்கு வெறும் சத்தம். எழுத்து மட்டும்தான் எனக்கு. முதலில் பாதிக்குப் பாதி தப்பு. கைடு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. போகப்போகத் தப்பு குறைந்தது. ஒரு நாள் முழுக் கைடுக்கும் ஒரு தப்பு இல்லை. மறுநாள் பால் பூத்தில் நின்று மிஸ்ஸிடம் உரக்கவே சொன்னேன், அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு காலை. குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கிறேன். வாய் என்னவோ முணுமுணுக்கிறது. சாமி பாட்டு என்றுதான் நினைத்தேன். கவனித்தால், பி, டி, ஏ, ஏ, சி. கைடின் முதல் பக்கம். தொடர்ந்து சொல்லிப் பார்த்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது. இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியாத நான் அந்தப் பரீட்சையில் தேறிவிடுவேன். குடம் வழிந்து ஓடியது, நான் குழாயை மூடவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவள் பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பின்வாசலில் நின்றபடியே கேட்டேன், "பதினாலு?"

"சி," என்றாள், திரும்பாமல்.

"முப்பத்தொண்ணு?"

"ஏ. என்னம்மா காலங்காத்தால?"

"கேள்வி என்னன்னே நான் சொல்லலியேடி."

ஈரத் துணி அவள் கையிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அவள் படித்தது இங்கிலீஷை இல்லை, நான் சொன்ன சரியை.

அன்றைக்குப் பிடித்த பயம் அவர் போன அன்றுகூட எனக்கு இல்லை. போனவருக்காக அழலாம், சுற்றி நாலு பேர் இருப்பார்கள். இதற்கு யாரிடம் போய் அழுவது? வாசல் பக்கம் யாராவது காக்கிச் சட்டை போட்டு நடந்தால், வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் குளிக்கும்போது நான் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்க ஆரம்பித்தேன்.

மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் தாளைக் கிழித்து, கைடில் வாக்கியங்களுக்குக் கீழே இருந்த ஏபிசிடி வரிகளை எல்லாம் மூடி ஒட்டினேன். இனி வார்த்தையை அவளே யோசித்துச் சொல்ல வேண்டும். ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் சொல்கிற வார்த்தை சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கைடை எடுத்துக்கொண்டு மிஸ் வீட்டுப் படி ஏறினேன். இந்தக் காரியத்தில் எனக்குக் கால் கனத்தது அந்தப் படியில்தான்.

நடந்ததைச் சொன்னேன். மிஸ் கைடைப் புரட்டிப் பார்த்தார். "அப்போ பரீட்சைக்கு உங்களையே அனுப்பிடலாம்போல இருக்கே அக்கா," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டார்.

மிச்சம் இருந்தது பதினைந்து நாளோ என்னவோ. சாயந்திரம் அவள் உள்ளே படிப்பாள், நான் வராந்தாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உள்ளிருந்து மிஸ் "நோ" என்பது கேட்கும். அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகப் புரியும். ஏன் நோ என்று மிஸ் கேட்க, இவள் தமிழில் இழுத்து இழுத்துக் காரணம் சொல்ல, அதற்கும் ஒரு நோ வரும். நாள் நெருங்க நெருங்க நோ குறைந்த மாதிரி இருந்தது. நான் நம்பவில்லை. முன்பு ஒரு தடவை நம்பி ஏமாந்தவள்தானே நான்.

பரீட்சை அன்று ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நின்றேன். வாட்ச்மேன் ஸ்டூலைத் தள்ளி, "கூத்கொள்ளம்மா," என்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று இருந்தது. வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "தெரியலம்மா," என்றாள். கைடு படித்த நாளெல்லாம் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள், கைடில் இருந்த வாக்கியம் சிலது அப்படியே வந்திருந்ததாம், ஏபிசிடி மட்டும் இடம் மாறி இருந்ததாம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ரிசல்ட் ஃபேக்டரி போர்டில் ஒட்டுவார்கள். அவள் மட்டும் போனாள், நான் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தேன். வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அவள் இல்லாததே நல்லது என்று பட்டது. கடைசியில் ஒரு பஸ் நின்றது. படியில் நின்றபடியே என்னைப் பார்த்தவள், அழுதுகொண்டே சொன்னாள்:

"சாக்கை அவிழ்த்துடும்மா."

கட்டிலுக்கு அடியில் இருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளரை மட்டும் வெளியே எடுத்தேன். மிஸ்ஸுக்கு அதில்தான் காபி கொடுத்தேன். மற்றதெல்லாம் அவள் முதல் சம்பளம் வாங்கி வரும் வரைக்கும் சாக்கிலேயே கிடந்தது.