ஒன்பதாம் எண் ஜெர்சிக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை

இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணிக்காகக் களத்தில் கால் வைத்த ஒவ்வொருவரின் பெயரையும் இந்தத் தளத்தில் பட்டியலிட்டு வருகிறேன். வரலாறு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறோமே தவிர, அதில் பெரும்பகுதி தோல்விதான். ஒலிம்பிக்குக்கு ஒரே ஒரு தடவை போனோம், 1980இல், மாஸ்கோவுக்கு. அதுவும் மற்ற அணிகள் வராததால் கிடைத்த இடம். ஆடிய எல்லா ஆட்டத்திலும் உதை வாங்கினோம். என் பட்டியலுக்கு ஒரு கறாரான விதி உண்டு. அணியோடு விமானம் ஏறினால் போதாது, ஆடியிருக்க வேண்டும். அதற்கு ஸ்கோர் ஷீட் வேண்டும், இல்லையென்றால் கூட இருந்த வீரர் ஒருவர் எழுதித் தர வேண்டும்.

ஐந்து மாதங்களுக்கு முன் விழுப்புரத்திலிருந்து சேகர் என்பவர் செய்தி அனுப்பினார். “ஒன்பதாம் நம்பர் பாஸ்கரன் இல்லை. நான்தான். பெயரை மாற்றவும்.” அவர் சொன்னது எண்பதுகளில் வெளிநாட்டில் நடந்த ஓர் ஆட்டம். ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம், சில நொடிகள்தான் பாக்கி. எதிரணிக்காரன் தடுமாறிக்கொண்டே பந்தை எறிந்தான். அது எப்படியும் வளையத்தில் விழாது. நம் ஒன்பதாம் எண் போய் அவன் கையில் அடித்தார். அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி; இரண்டும் உள்ளே, ஆட்டம் போச்சு. “பாஸ்கரனின் அறிவுகெட்ட ஃபவுல்” என்று நான் எழுதியிருந்தேன். எழுதியபோது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

எங்கள் மாமா ஆடினார், சித்தப்பா ஆடினார் என்று செய்தி அனுப்புகிறவர்கள் ஏராளம். இதையும் அந்தக் கணக்கில் தள்ளிவிட்டுப் பதில் போடாமல் இருந்தேன். போன மாதம்தான் உறைத்தது. இப்படி ஒரு ஃபவுலுக்கு எவராவது சொந்தம் கொண்டாடுவார்களா? போன் செய்தேன். “வாம்மா, ரெண்டு பேருமா திண்டிவனம் போய் பாஸ்கரனைப் பாத்துடலாம். அவன் எழுதிக் குடுப்பான். அவன் இருக்கறப்பவே இந்தக் கெட்ட பேரு அவன வுட்டுப் போவணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாப் பெட்டி, எழுபத்தைந்து ரூபாய். எட்டே முக்காலுக்கு விழுப்புரம். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன் என்பதால், உட்கார விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் புதிய பேருந்து நிலையம் வந்தால், கூட்டத்துக்கு மேலே ஒரு நரைத்த தலை தெரிந்தது. சேகர்தான், ஆறடி மூன்று அங்குலம். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் கம்பு ஊன்றி நின்றார். லாரி புக்கிங் ஆபீஸில் காலம் தள்ளியவர். “ஜல்தியா ஏறும்மா, இல்லன்னா சீட்டு கெடைக்காது” என்றார்.

திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். காலை மடக்க முடியாமல் நடைபாதையில் நீட்டி உட்கார்ந்தார். கண்டக்டர் இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார். அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் ஒன்றுகூட எடுக்காமல் பேசினார்.

“பன்னெண்டு பேரு லிஸ்ட்டு குடுத்தாச்சு. நாலுலேந்து பதினஞ்சு வரிக்கும் நம்பரு. நான் பதிமூணாவது ஆளு, பந்து மூட்டை தூக்கிகினு போனவன். டூர் முழுக்க பாஸ்கரன் பெஞ்சுலயே உக்காந்துகினு இருந்தான். கடைசி ஆட்டத்துலதான் எறக்கறதா இருந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து அவனுக்கு ஜொரம். இன்னும் ரெண்டு பேருக்கு அடி. கோச்சு அவன் ஜெர்சிய என்கிட்ட தூக்கிப் போட்டாரு. ரெண்டு பேரும் ஒரே ஒசரம், ஒரே மீசை. வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும்?”

வெளியில் சொன்னால் எல்லோருக்கும் தடை விழும் என்று கோச் சத்தியம் வாங்கியிருக்கிறார். கோச் செத்து இருபது வருஷம் ஆகிறது. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவன் மூஞ்சில முழிக்க தைரியம் இல்லம்மா” என்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு நாற்பது வருஷமா?

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டது, கொடுத்தோம். தெருமுனை திரும்பியதும் சேகர் ஓட்டுநரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. முன்னாள் இந்தியக் கூடைப்பந்து வீரர் பாஸ்கரன். இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

“பாஸ்கெட்பால் சாரா? நெஞ்சு வலிம்மா. ஆஸ்பத்திரி போய்க்கினு இருக்கச்சொல்லவே முடிஞ்சிபோச்சு” என்றார் ஆட்டோக்காரர்.

ஐந்து மாதம். நான் அன்றே பதில் போட்டிருந்தால் அந்த மனிதர் கதவைத் திறந்திருப்பார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதவைத் திறந்தது அவர் மனைவி விஜயா. சேகரை ஏற இறங்கப் பார்த்து, “விழுப்புரத்துக்காரருதானே? உள்ள வாங்க” என்றார். உட்காரச் சொன்னார். சேகர் உட்காரவில்லை. “அந்த ஃபவுலு நான் பண்ணதும்மா. அவன் அன்னிக்கு ரூம்ல படுத்துகினு இருந்தான்” என்று சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார்.

“தெரியும். கல்யாணமான மறு வாரமே சொல்லிட்டாரு” என்றார் விஜயா.

நான் அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். “அந்தப் பட்டியல எழுதறது நான்தான். இன்னைக்கே பேரை மாத்திடறேன்மா. இனிமே யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டாங்க.”

“மாத்துனா இவரு பேரு எங்க வரும்?”

பாஸ்கரன் வேறு எந்த ஆட்டத்திலும் இறங்கியதில்லை. என் விதிப்படி அவர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

“அதுக்குத்தான் அவரு வாயே தொறக்கல. திட்றவன் திட்டட்டும்டி, இந்தியாவுக்கு ஆடுனவன்னு தானே திட்றான்னுவாரு. நீங்க எழுதுனதக் கூட படிச்சாரு. ரெண்டு நாளு சரியா சாப்புடல. ஆனா பேரு இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துக்கினாரு.” பிறகு சொன்னார், “அறிவுகெட்டன்ற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. மத்தது அப்பிடியே இருக்கட்டும்.”

“அப்ப நான் செஞ்சது?” என்று கேட்டார் சேகர்.

“அத நீங்களே வெச்சிக்கோங்க.”

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தோம். அவரை விழுப்புரம் பேருந்தில் ஏற்றிவிட்டு, நான் சென்னை திரும்ப இரண்டு மணிக்குக் கிளாம்பாக்கம் பேருந்து பிடித்தேன். நூறு ரூபாய், இரண்டே கால் மணி நேரம்.

என்னைப் போலப் பழைய வீரர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு: செய்தி வந்த வாரமே கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஆட்டோ கிடைப்பது பேஜாரு, பேசி ஏறுங்கள். பட்டியலைத் திருத்துவது நல்ல காரியம் என்ற நினைப்போடு யார் வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். இந்தக் கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்ணும் ஒன்பது இல்லை. கடைசி நொடியில் நாம் தோற்ற ஆட்டங்கள் ஒன்றிரண்டா என்ன, இது எந்த ஆட்டம் என்று தேடினாலும் கிடைக்காது. விஜயா கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டேன். என் பட்டியலில் ஒரு பெயர் தப்பு என்பது எனக்குத் தெரியும், அது அப்படியே இருக்கும்.

சேகர் வாரா வாரம் போன் செய்கிறார். “மாத்திட்டியாம்மா?” என்று கேட்கிறார். இல்லை சார் என்கிறேன். சரிம்மா என்று வைத்துவிடுகிறார்.