தலையணைக்குக் கீழே வைத்த வடை

சென்ற கோடையில் நாங்கள் வசிக்கும் சட்டன் நகரிலிருந்து நானும் மகளும் கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் போனோம். அவன் எங்களைச் சிறு படகில் ஏற்றி, ஏரிக்கரைக் காட்டில் கூடாரமடித்துத் தங்க அழைத்துப் போனான்.

"அக்கா, பற்பசைகூடக் கூடாரத்துக்குள்ள இருக்கக் கூடாது. கரடி மணம் பிடிச்சு வந்திடும்," என்று சொல்லி, உணவையெல்லாம் பீப்பாயில் பூட்டித் தூரத்தில் வைத்தான்.

அன்று மகள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் பசித்து எழும்பினால் எடுத்துக் கொடுக்கலாம் என்று, பீப்பாயில் போடாமல் வைத்திருந்த மொறுமொறுப்பான பருத்தித்துறை வடைப் பை ஒன்றை அவளுடைய தலையணைக்குக் கீழே வைத்தேன். சொன்னால் ஏசுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

காலையில் நித்திரையாகக் கிடந்தவளைத் தம்பிதான் எழுப்பி ஏரிக்குக் கூட்டி வந்தான். முகம் கழுவும்போது கூடாரம் கிழியும் சத்தம் கேட்டது. அவன் துடுப்பால் படகைத் தட்டிக் கத்தினான். கரடி மெதுவாகக் காட்டுக்குள் போனது. மகளின் தலையணை பஞ்சு பஞ்சாகக் கிடந்தது, நடுவில் வடைத்தூள்.

"எத்தினை தரம் சொன்னனான்!" என்று மகள்மீது பாய்ந்தான்.

"நான் வைக்கேல்லை மாமா, ப்ராமிஸ்!"

அவள் அழத் தொடங்கிய பிறகுதான், "நான்தான் வைச்சனான்," என்றேன்.

அந்தக் கரடியை நான் அதிகம் நினைப்பதில்லை. அவள் அழும்வரை பேசாமல் நின்றதைத்தான் நினைக்கிறேன்.

இப்போதும் அவள் பள்ளிக்கூடம் போகும்போது, பையில் ஏதாவது வைக்கக் கை போகிறது. முதலில் அவளைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் பையை மூடிவிடுகிறேன்.