இலையின் இடது பக்கம்

பொந்தியான் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்த என் கணவர் பிழைத்து எழுந்தார். ஆனால் இடது பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, அடிபட்ட மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிக்க மறந்துவிட்டது என்று தெரப்பி கொடுக்கும் மலாய்ப் பெண் விளக்கினார்.

மீசையில் வலது பாதியை மட்டும் கத்தரித்துவிட்டு, மறு பாதியைக் காடாக விட்டு வருவார். இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இடது பக்கம் நான் நின்றால் நானும் இல்லாதவள்தான். "எங்க போயிட்டா இவ?" என்று வலது பக்கமே தேடுவார். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. இந்த மனிதர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பாரா, மாட்டாரா? அது ஒன்றுதான் என் கவலை.

பிடித்ததையெல்லாம் இடது பக்கம் வையுங்கள், நீங்களும் அங்கேயே உட்காருங்கள் என்றார் அந்தப் பெண். இவருக்குப் பிடித்தது மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். ஞாயிற்றுக்கிழமைகளில் பெக்கான் நானாஸ் ஊரில் ஒரு கடைக்கு வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போவோம். பாகற்காயை இலையின் இடது ஓரத்தில் வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

இவர் வலது பக்கத்துச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, "என்னண்ணே, எனக்கு மட்டும் பாகற்காய் இல்லியா?" என்று சண்டைக்குப் போனார்.

"வச்சேன் லா! இடது பக்கம் பாருங்க."

"எங்க வச்சீங்க? சும்மா சொல்லாதீங்க."

நான் இலை ஓரத்தைத் தட்டுவேன். "என்னங்க, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று கெஞ்சுவேன். பாதி திரும்பிவிட்டுப் பழையபடி வலது பக்கம் போய்விடுவார். வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு வாரமும் நானே எடுத்துத் தின்றேன். எனக்கு எடை கூடியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கையை நீட்டினேன். மணிக்கட்டில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"அலமாக்! நீதானா?"

இடது பக்கம் முழுதாகத் திரும்பி, என் முகத்தைப் பார்த்து முறைத்தார்.

"இத்தன நாளா என் பாகற்காயத் தின்னது நீதானா? பாவம், அந்த அண்ணனப் போயி ஏசிட்டேனே!"

"நான்தாங்க. இங்கயேதான் உக்காந்திருந்தேன்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கை பாகற்காயை அதே ஓரத்தில் வைத்தார். இவர் இடது கையால் அதை அணைபோட்டு மறைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டு கேட்டேன். தரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.