தாஹிரா தராத தண்ணீர்

கெங்கம்மாள் செத்தபோது பாடை தூக்க ஊரில் பாதிப்பேர் வரவில்லை. தள்ளிவைத்த பொம்பளை. ஆனால் ஒரு காலத்தில் ஊர்க் கட்டுப்பாட்டை அவளைப்போலக் காத்தவள் ஜவ்வாது மலையில் யாருமில்லை. சாமைக் கதிரில் குருவி உட்கார்ந்தால்கூட எந்த ஊர்க் குருவி என்று கேட்பாள்.

மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டார் வீட்டில் சோறு தின்றாலோ தண்ணீர் குடித்தாலோ, அப்புறம் சாதியில் சேர்க்கமாட்டோம் என்பது எங்கள் ஊர் வழக்கம். மலையடியில் இருக்கும் ஒடுகத்தூரிலிருந்து வருஷா வருஷம் புளி வாங்க ஏறிவரும் அமீனுல்லாவைக் கெங்கம்மாள் வேலிக்கு வெளியிலேயே நிறுத்துவாள்.

"அங்கியே நில்லு பாய். உள்ள வந்தா எங்க சாமி எழுந்து போய்டும்."

"சாமிக்கு இன்னாத்துக்கும்மா தொந்தரவு?" என்று சிரித்துவிட்டு, அவர் மரத்தடியில் உட்கார்ந்து தன் கூஜாவிலிருந்து தண்ணீர் குடிப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் கெங்கம்மாளின் ஒரே மகள் மாதம்மாளுக்கு வலி எடுத்தது. குழந்தை இறங்கவில்லை. அவள் புருஷன் லட்சுமணனும் ஊர் ஆட்களும் டோலி கட்டி அடைமழையில் தூக்கி இறங்கினார்கள். ஒடுகத்தூரில் பஸ் இல்லை, பாலத்தின்மேல் வெள்ளம். விஷயம் கேட்டு ஓடிவந்த அமீனுல்லா தன் வீட்டுக்கு அழைத்தார்.

கூடவே இறங்கிவந்த கெங்கம்மாள் அந்த வாசலை மிதிக்கவில்லை. பின்னால் இருந்த புளிக் கிடங்கைப் பார்த்தாள். கிடப்பது நம்ம மரத்துப் புளி, அதனால் அது நம்ம இடந்தான் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து, மகளை அங்கே படுக்கவைத்தாள். ஆண்கள் ஜீப் தேடிப் போனார்கள்.

மாதம்மாள் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்த சுரைக்குடுக்கை வழியிலேயே காலி; மழையும் விட்டிருந்தது. அமீனுல்லாவின் மனைவி தாஹிரா செம்போடு ஓடிவந்தாள்.

"வேணாம்! உங்க தண்ணி பட்டா இவள ஊர்ல சேக்கமாட்டாங்க."

"தண்ணி தானேம்மா…"

"நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

குடுக்கையை எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு ஓடினாள். ஓடை செம்மண்ணாகப் புரண்டது. தெளிந்த தண்ணீர் தேடி மேலே மேலே ஏறினாள். திரும்பி வந்தபோது மாதம்மாளின் தலை தாஹிராவின் மடியில் கிடந்தது. உயிர் இல்லை. வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"கேட்டுக்கினே இருந்தாங்கம்மா," என்று தாஹிரா தேம்பினாள். "நீங்க சொல்லிட்டீங்களேன்னு நான் குடுக்கல."

குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா? மாட்டாள் என்றுதான் எங்கள் ஊர் மருத்துவச்சி சொன்னாள். இருந்தாலும் தாகத்தோடு போனாளே. ஊரோ, கட்டு மீறாத பொம்பளை என்று கெங்கம்மாளை மெச்சியது. மெச்சிய வாயில் மண்ணைப் போட!

முதலில் அவள் தாஹிராவைத்தான் திட்டினாள். "நான் வேணாம்னா அவளுக்குப் புத்தி எங்க போச்சு? மீறிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று களையெடுக்கும்போதெல்லாம் புலம்புவாள். பிறகு அந்தத் திட்டு நின்றுபோனது. யாரைத் திட்டவேண்டும் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

பங்குனியில் அமீனுல்லா வந்தார். வழக்கம்போல வேலிக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்க பாய்," என்றாள் கெங்கம்மாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். "வேணாங்கம்மா. இங்கியே பழகிடுச்சி."

அவள் வேலியைத் தாண்டிப் போனாள். அவர் கையிலிருந்த கூஜாவை வாங்கினாள். புளி எடைபோட வந்திருந்த, யாரைத் தள்ளிவைப்பது என்று தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர் ரங்கசாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் வைத்துக் குடித்தாள்.

"இன்னா கெங்கம்மா பண்ற!" என்று அவர் கத்தினார்.

"தண்ணி மாதிரிதான் இருக்குது மாமா," என்றாள். கூஜாவை மார்போடு கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். "வெறும் தண்ணி மாதிரிதான் இருக்குது."