அவசரத்துக்கு யார் நம்பர்?

பத்தொன்பது நாள். மறக்கக் கூடாத கணக்கு இது.

முகமது ஆசிப் வேலைக்குப் போன ஊரில் கலவரம் வந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேரில்லாத ஆளாக அவன் கிடந்த நாட்கள். இங்கே ஒத்தக்கடையில் அவன் அக்கா சைனப் தினமும் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போன் போட்டாள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "அந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் பதியலையேம்மா, எங்க போய்த் தேடுறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிளைட் ஏறும் முன்பே தூதரகத்தின் இணையதளத்தில் பேரையும் தங்குமிடத்தையும் பதிந்து வைக்கலாம், கால் மணி நேரம் போதும் என்பது அன்றைக்கு அவளுக்கும் தெரியாது. ஆசிப் பிழைத்து வந்தான். இப்போது பரவை மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். அந்தக் கேள்விதான் சைனப்பின் காதை விட்டுப் போகவில்லை.

மேலூர் ரோட்டில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பஸ் போகும்போதெல்லாம் அதிர்கிற ஒரு கண்ணாடிக் கதவு. டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிற எவரையும் அவள் சும்மா விடுவதில்லை. எம்பசியில் பதிந்தால்தான் டிக்கெட் கைக்கு வரும். போய் இறங்கியதும் வருகிற முதல் வெள்ளிக்கிழமை, படுக்கிற இடத்தில் நின்று வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்ப வேண்டும். இடம் மாறினால் மறுபடியும் அனுப்ப வேண்டும். சட்டம் போட்டவளும் அவளே, போலீஸும் அவளே.

போன வருஷம் ஆறு பேர் வந்தார்கள். கிரானைட் அறுக்கிறவர்கள். இந்தப் பக்கம் வேலை படுத்துவிட்டதால் ஆப்பிரிக்காவில் ஒரு கல் குவாரிக்குக் கிளம்பியிருந்தார்கள். மூத்தவர், பக்கத்து ஊரான நரசிங்கத்து அழகுமலை.

"ஆறு டிக்கெட்டு தாயி. வெரசாக் குடு, பஸ்ஸு வந்துரும்."

"எம்பசில பதிஞ்சாச்சாண்ணே?"

"எதுக்கு? அவுங்க வந்து எனக்கு இட்லி அவிக்கப் போறாகளா?"

"அவிக்க மாட்டாக. ஆனா நீங்க எந்த அடுப்புல வேகுறீகன்னு தெரிஞ்சு வச்சிருப்பாக. உக்காருங்க."

மற்ற ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே உட்கார, அவரும் உட்கார்ந்தார். பேர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி விலாசம் வரை வேலை ஓடியது. இந்தியாவில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் நின்றது.

"என் மச்சான் சுருளி நம்பரப் போடுங்க" என்றான் முதல் ஆள்.

"எனக்கும் சுருளிதேன்" என்றான் அடுத்தவன்.

சுருளியின் முறை வந்தது. "எனக்கு அழகுமலை மாமா நம்பரு."

சைனப் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "ஏம்ப்பா, அம்புட்டுப் பேரும் ஒரே பிளைட்டுலதான போறீங்க? எல்லாரும் ஒரே கெணத்துல எறங்கிட்டு, மேல கயித்தப் புடிக்க யார நிப்பாட்டிருக்கீக?"

"வீட்டுல பொம்பளையாளுகதானக்கா இருக்காக."

"அவுக நம்பரச் சொல்லு."

காஸ் புக், ரேஷன் கார்டு, பேங்க், பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் ஆம்பளை நம்பர்தான். பெண்டாட்டி நம்பரை அந்நியன் காகிதத்தில் எழுதுவது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அழகுமலை எழுந்துவிட்டார்.

"வீட்டுப் பொம்பள நம்பர ஊரான் கையில குடுக்கச் சொல்றியா? எனக்கு ஒண்ணும் வேணாம்." மேசையில் கிடந்த டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

சுருளி தலையைச் சொறிந்தான். "உங்க நம்பரையே போட்ருங்கக்கா."

ஐந்து பேருக்கும் தன் நம்பரையே போட்டாள்.

ஏழு மாதம் கழித்து அந்த நாட்டில் சண்டை மூண்டது. போன் டவர்கள் செத்தன. சுருளியின் மனைவி ஜெயக்கொடி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், மூன்று நாளாகக் காலையில் வருவதும் பொழுது சாய்ந்து போவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, நீளமான ஒரு நம்பரிலிருந்து போன்.

"சைனப் அம்மாங்களா? இந்தியத் தூதரகத்துல இருந்து அனந்தபத்மநாபன் பேசுறேன். அஞ்சு பேருக்கு உங்க நம்பர் இருக்கு. கம்பெனி விலாசத்துல ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. ஆளுங்க எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வரைபடத்தில் தேடினாலும் அவளுக்குக் கிடைக்காத ஊர். குண்டு விழுகிற அந்த ஊரில், ஒரு மனுஷன் அவள் விரல் அடித்த எழுத்தைப் படித்துவிட்டு, மேலூர் ரோட்டு ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அன்று அவள் தேடினாள், பதில் இல்லை. இன்று அவர்கள் தேடுகிறார்கள், பதில் அவள் கையில் இருக்கிறது.

"சார், அது வெறும் ஆபீசு. ஆளுக ரெண்டாவது குவாரிக்கு மாறிட்டாக. லொக்கேஷன் இருக்கு, இப்பவே அனுப்புறேன்."

லொக்கேஷன் போய்ச் சேர்ந்தது. "அம்மா, இது நூத்தி நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நாங்க தலைநகரத்துல தேடிட்டிருந்தோம்."

"இன்னொண்ணு சார். அஞ்சு இல்ல, ஆறு பேரு."

"ஆறாவது பேர் பட்டியல்ல இல்லையேம்மா. பட்டியல் இல்லாம எல்லையில விட மாட்டான். ஒரு மணி நேரத்துல பஸ் கெளம்புது. அதுக்குள்ள பதிஞ்சிருங்க."

ஜெயக்கொடி போன் போட, நரசிங்கத்திலிருந்து அழகுமலையின் மனைவி முத்துமீனா ஷேர் ஆட்டோவில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ். சைனப் அடித்துக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நிறுத்தினாள்.

"உன் நம்பரச் சொல்லு."

"அவரு வைவாருக்கா."

"வையிறதுக்கு மனுசன் வந்து சேரணும்ல?"

முத்துமீனா சொன்னாள். முதல் மூன்று எண் முணுமுணுப்பாக வந்தது. பத்தாவது எண் கடைக்கு வெளியே கேட்டது. பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்புட்டுத்தானாக்கா? இம்புட்டு நேரந்தானா?"

ஒரு நாள் போய், அடுத்த நாள் மத்தியானம் கடையில் முத்துமீனாவின் போன் அடித்தது. தூதரகம். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எல்லையத் தாண்டிட்டாங்கம்மா. ஆறு பேரும் நல்லா இருக்காங்க."

ஜெயக்கொடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சைனப் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"ஆறு பேருக்குன்னுதான் பஸ் அனுப்புனோம். அங்க பீகார், ஒடிசா ஆளுங்களும் இருந்திருக்காங்க. ஒருத்தர் பேரும் எந்தப் பட்டியல்லயும் இல்ல. அவங்களையும் ஏத்திட்டு வந்தோம். எல்லைக் காவல்காரன் உங்க ஆளுங்கள மட்டும் போகச் சொன்னான். மாட்டோம்னு ஆறு பேரும் ரோட்டுலயே உக்காந்துட்டாங்கம்மா. ஒரு பகல் முழுக்க. நாங்க அங்கயே பேர் பதிஞ்சோம். உங்க வீட்டுக்காரர்தான் ஒவ்வொருத்தரா இழுத்து நிறுத்தி, பொண்டாட்டி நம்பரச் சொல்லு, அம்மா நம்பரச் சொல்லுன்னு சைகையிலயே கேட்டு எழுதினார்."

"எங்க வீட்டுக்காரரா!" முத்துமீனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சைனப் போன் பக்கம் குனிந்தாள். "மொத்தம் எத்தன பேரு சார் தாண்டுனாங்க?"

"முப்பத்தொண்ணு."