பார்க்க முடியாத பெஞ்சு

பல்செட்டுக்காரர் தன் அண்ணனைத் தொலைத்தது ஒரு ஜங்ஷனில், கொட்டுகிற மழையில். ரயில் மாறுவதற்காக இரண்டாவது நடைமேடையில் இறங்கியிருந்தார்கள். “அண்ணே, இந்த பெஞ்சை விட்டு நகரக் கூடாது. தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

அண்ணனுக்கு ஐம்பது தாண்டியும் மனசு ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. பேச்சு அரைகுறை. ரயில் கார்டு மாதிரி பச்சைத் துணியை ஆட்டி, தெருவில் போகிற வருகிற வண்டியையெல்லாம் வழியனுப்பி வைப்பார். அதனால் அவருக்கு ‘கார்டு’ என்றே பெயர். அவருக்காகத்தான் தம்பி பின்னறையில் பெரிய பலகை போட்டு, மலையும் பாலமும் குகையும் வைத்துப் பொம்மை ரயில் விட்டிருந்தார்.

“அவரு எந்த வண்டியிலயும் ஏறுனதை ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கலைங்கிறாரு. வெளிய போக ஒரே வாசல்தான். ஊருக்குள்ளதான் எங்கயாவது இருக்கணும்” என்றது போலீஸ். அந்த ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒட்டிய நோட்டீஸ் ஊறி உரிந்து தெருவோடு போயிற்று. மாதங்களும் போயின.

ஒருநாள் காலை பல்செட்டுக்காரர் மலையையும் பாலத்தையும் பெயர்த்து எறிந்துவிட்டு, அந்தப் பலகையில் ஜங்ஷனைக் கட்ட ஆரம்பித்தார்.

“என்னங்க இது? பல்லில்லாதவங்க வாசல்ல வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்க, நீங்க பொம்மை கட்டிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள் மனைவி.

“ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லையாம். கண் முன்னாடி வச்சா வரும்ல?”

அவள் வாசலில் நின்றவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள்.

பல் அச்சுக்கு ஊற்றுகிற மாவில் நடைமேடையை வார்த்தார். ஈறு செதுக்கும் கத்தியால் ஓட்டுக் கூரையில் வரி வரியாகக் கீறினார். டீத்தூளைக் காயவைத்துத் தண்டவாளத்து மண்ணாகத் தூவினார். எல்லாவற்றுக்கும் மேலே மினுக்கம் தருகிற வார்னிஷைப் பூசி, குட்டி பல்புகளை எரியவிட்டதும் நடைமேடை நனைந்தே போனது. விளக்கு வெளிச்சம் தரையில் வழுக்கி ஓடியது. அதைப் பார்த்த மனைவிக்குக் குளிரெடுத்தது. அண்ணன் உருவத்தை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. மெழுகை எடுப்பார், திரும்ப வைத்துவிடுவார். பெஞ்சு காலியாகவே கிடந்தது.

டீக்கடைக்காரர் வந்து பார்த்தார். “அடேங்கப்பா, என் கெட்டில் நசுங்குனதைக்கூட விடலையே!” என்று மூக்கில் விரல் வைத்தார். ஞாபகம் மட்டும் ஒன்றும் வரவில்லை. டிக்கெட் பரிசோதகரும் வந்தார், உச்சுக் கொட்டினார், போனார். அன்று பல்செட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். மனைவி தன் உள்ளங்கையை நடுவில் வைத்துத் தடுத்தாள்.

பல முறை கெஞ்சிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். சலிப்போடுதான் வந்தார். தன்னுடைய அறையைக் கண்டதும் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டி ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“இங்கேருந்து பெஞ்சு நல்லாத் தெரியுதே” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. “அன்னிக்குத் தெரியலையே.”

“ஏன் சார்?”

“நடுவுல சரக்கு வண்டி நின்னுச்சுங்க. நீங்க கடைக்குப் போனப்ப வந்து, வர்றதுக்குள்ள கிளம்பியிருக்கும்.”

பல்செட்டுக்காரர் சரக்குப் பெட்டிகளை எடுத்து நடுவிலிருந்த தண்டவாளத்தில் வைத்தார். “இன்னும் தள்ளுங்க” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். கடைசியிலிருந்த கார்டு பெட்டி பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

“கார்டு பெட்டியைக் கண்டா எங்க அண்ணன் விடமாட்டாரு சார்” என்றார் பல்செட்டுக்காரர்.

“பார்க்கலைன்னு சொல்லிட்டேன்” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். “பார்க்க முடியலைன்னு சொல்லியிருக்கணும்.”

அந்த வண்டி எங்கும் நிற்காமல் துறைமுகத்துக்குப் போயிருந்தது. பல்செட்டுக்காரர் அங்கே ஓடினார். “கார்டு பெட்டிக்கு முன்னாடி இருந்த காலிப் பெட்டியிலேருந்து ஒருத்தர் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டார். பேரு கேட்டா, ‘கார்டு, கார்டு’ன்னார். கார்டைக் கூப்பிடச் சொல்றார்னு நெனச்சோம்” என்றார்கள் சரக்கு இறக்கும் யார்டு ஆட்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஆதரவற்றோர் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

காப்பகத்துக் கட்டிலில் அண்ணன் இளைத்துப் பாதியாகக் கிடந்தார். தம்பியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளைத் தொட்டதும் சட்டென்று திரும்பி, இரண்டு கைகளாலும் தம்பியின் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினார். அந்தக் கைகளில் பலமே இல்லை. தடுக்க வந்த நர்ஸிடம் பல்செட்டுக்காரர், “விடுங்கம்மா, அடிக்கட்டும்” என்றார்.

ரயிலைக் கண்டாலே அலறினார் என்பதால் வேனில் படுக்கவைத்து அழைத்து வந்தார்கள். அண்ணன் அதன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. தம்பி கண்ணைவிட்டு மறைந்தால் போதும், வீடே அதிரக் கத்துவார். பல்செட்டுக்காரர் வேலை மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். அவர் பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார், அண்ணன் அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடியே தூங்குவார்.