முட்டையில் ஊற்றிய தண்ணீர்

நான் வேலை செய்யும் ஓட்டலில் தினமும் காலையில் நல்ல ஆம்லெட்டுகள் குப்பைக்குப் போகின்றன. கருகியவை அல்ல, கெட்டுப்போனவையும் அல்ல. அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு தட்டிவிட்டது, அதுதான் குற்றம். தலைமைச் சமையல்காரர் டெக்லன் கரண்டியால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், வாணலியைத் தொட்டியின் மேல் கவிழ்த்துவிடுவார். அயர்லாந்தில் கார்க் என்னும் இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாலை நாலரைக்கே இருட்டிவிடும் குளிர்காலம் பழகிவிட்டது. பார்க்கிறவரிடமெல்லாம் மழையைப் பற்றி மட்டும் பேசப் பழகிவிட்டேன். அந்தக் குப்பைத் தொட்டி மட்டும் பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தூத்துக்குடியில் அந்தப் பழுப்புக்குத்தான் ஆம்லெட் என்று பெயர். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில், அம்மா தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கிறாள். அப்பா இறந்த வருடம் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு, ஸ்பூனால் நுரைக்க நுரைக்க அடிப்பாள். உப்பைத் தூளாகப் போடமாட்டாள். மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் கல்லுப்பைக் கரைத்து வைத்திருப்பாள், அதிலிருந்து பீய்ச்சுவாள். கல்லுப்பு பல்லில் கடிபடக் கூடாது என்பது அவள் சொன்ன காரணம். அப்படி அடிக்கும்போது வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற நாட்களில் காற்றில் கரித்தூள் பறக்கும், முட்டையில் விழுந்துவிடும் என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்த எனக்கு அது சரியாகவே பட்டது.

மூட்டை தூக்கும் அண்ணாச்சிமார் ஆம்லெட்டுக்காகப் போட்ட சண்டைகளைச் சொல்லி மாளாது. மிளகை முட்டையோடு சேர்த்து அடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கல்லிலிருந்து எடுக்கிறபோதுதான் தூவ வேண்டும் என்று இன்னொரு கட்சி. மிளகாய் போட்டால் ஆம்லெட்டே இல்லை என்று ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போய், மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றார். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. "நல்லா முறுக விடு தாயி, பச்ச வாடை வரக் கூடாது" என்பார்கள். கலக்கி கேட்டு வருகிற கல்லூரி மாணவர்களை அம்மா அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவாள். வேகாத முட்டையை ஒருவர் தட்டில் போடுவது அவரை அவமதிப்பது என்று அவளுக்கு எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான், இப்போதும்.

நான் இங்கே வந்தது ஓட்டல் படிப்புக்கான விசாவில். படிப்பு முடிந்து, காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. விசா முடிவதற்குள் சமையல்காரி என்று எழுத்தில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்போதுதான் காலை உணவுக்கு முட்டை போடும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த போலந்துக்காரப் பெண் பிரசவத்துக்காக ஊருக்குப் போனாள். டெக்லன் என்னைக் கூப்பிட்டார். "முதலில் உனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று போட்டுக் காட்டு, ரெஜினா" என்றார். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே காரியத்தை அல்லவா கேட்கிறார்.

டீ குடிக்க ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். இரண்டு முட்டை. ஒரு கிண்ணத்தில் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கை பழகிய அளவு, நான் யோசிக்கவே இல்லை. நுரைக்க அடித்து ஊற்றினேன். வாணலி முழுக்க விரிந்து, ஓரம் சலசலத்து, பொன்னிறத்துக்கு வந்தது. திருப்பிப் போட்டுத் தட்டில் வைத்தபோது அம்மா போட்டதுபோலவே இருந்தது.

"எத்தனை முட்டை?" என்றார் டெக்லன்.

"இரண்டு."

"மூன்று மாதிரி இருக்கிறதே. நீ ஊற்றியது என்ன, பாலா?"

"உப்புத் தண்ணீர்."

அவர் முகம் மாறியது. "நான் வேலை கற்ற இடத்தில் முட்டையில் தண்ணீர் கலந்தவனை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். இரண்டு முட்டையை மூன்று என்று விற்கிற வேலை அது" என்றார். சமையலறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. "என் அம்மா எத்தனையோ வருடமாக இப்படித்தான் செய்கிறாள். அவள் ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. "உன் அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே" என்று அவர் உண்மையாகவே குழம்பினார். பிறகு என் ஆம்லெட்டைத் தொட்டியில் போட்டார். சாப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து அவர் போட்டுக் காட்டினார். வெண்ணெய், சிறு தீ, கையை நிறுத்தாமல் ஆட்டி ஆட்டி, ஒரு புள்ளிகூட நிறம் ஏறாமல் வெளிறிய மஞ்சளில் உருட்டினார். உப்பைத் தூளாகத் தூவினார். நறுக்கிப் பார்த்தால் உள்ளே சளசளவென்று இருந்தது. ஒரு வாய் எடுத்தேன். கவிச்சி குப்பென்று ஏறியது. "இது வேகவில்லை" என்றேன். அவர் சிரித்தார். "வியாழக்கிழமை இதைப் போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்.

காலை உணவு முடிந்த கையோடு பின்வாசலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை நேரம். கடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்திச் சத்தம் போனில் கேட்டது.

"யம்மா, உப்புத் தண்ணி ஊத்துனதுக்கு என்னயத் திருடிங்கான்."

"யாருளா?"

"எங்க பெரிய சமையக்காரன். முட்டையைக் கூட்டிக் காட்டத் தண்ணி ஊத்துதேனாம். எங்கம்மா ஒருத்தரையும் ஏமாத்துனதில்லன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டேன்."

கத்திச் சத்தம் நின்றது.

"நீ எதுக்குளா அதைச் சொன்ன?"

"பின்ன சொல்லாண்டாமா?"

"ஏளா, தண்ணி ஊத்தாம ரெண்டு முட்டையில அம்புட்டுப் பெரிய ஆம்லெட்டு எப்படி வரும்? இத்தன வருசம் பக்கத்துல நின்னியே, ஒனக்குத் தெரியாதா?"

"உப்புக் கரையணும்னுதானம்மா சொன்ன?"

"உப்புக் கரைய ஒரு சொட்டுப் போதும். நான் ஊத்துனது நாலு ஸ்பூனு."

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அத்தனை பேர் உன்னை நம்பிச் சாப்பிட்டார்களே என்று கேட்டேன். அம்மாவும் விடவில்லை. "மூட்டை தூக்கிட்டு வாரவன் தட்டு நெறைய இருக்கான்னுதான் பாப்பான். மூணு முட்டை போட்டா அவனால வாங்க முடியுமா, இல்ல என்னாலதான் குடுக்க முடியுமா? நீ படிச்சது, பிளேன் ஏறி அங்கன போனது எல்லாம் அந்தத் தண்ணியிலதான். போ, அவன்ட்ட இதையும் சேத்துச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்டால் எல்லோர் மேலும்தான். டெக்லன் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று அவர் மேல் கோபம். என்னிடம்கூட மறைத்தாளே என்று அம்மா மேல் கோபம். கண்ணெதிரே நடந்ததைப் பார்க்காமல், ஊர் பேர் தெரியாத சமையலறையில் நின்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசிய என் மேல் அதைவிடக் கோபம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களும், என்னைப்போல் எங்கேயோ ஓர் அடுப்படியில் நிற்கிறவர்களும் சொல்லுங்கள். பசித்து வந்தவனுக்கு முட்டையோடு நாலு ஸ்பூன் தண்ணீரைச் சேர்த்து, நன்றாக வேகவைத்து, வயிறு நிறைந்தது என்று எழுந்து போக வைத்தவள் ஏமாற்றுக்காரி. ஒரு பழுப்புப் புள்ளிக்காக முழு முட்டையையும் குப்பையில் கொட்டுகிறவர் நாணயஸ்தர். இந்தக் கணக்கை யார் போட்டது? இதை டெக்லனிடம் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். விசா தேதி ஞாபகம் வரும், மூடிக்கொள்வேன்.

வியாழக்கிழமை அவருடைய ஆம்லெட்டைப் போட்டுக் காட்டினேன். தண்ணீர் இல்லை, நிறம் இல்லை, உள்ளே வேகவும் இல்லை. டெக்லன் ஒரு வாய் தின்றுவிட்டு, "அருமை" என்றார். முதுகில் தட்டிக் கொடுத்தார். வேலை கிடைத்தது, விசாவுக்கான காகிதமும் வந்தது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். வேலை கிடைத்த செய்தியை மட்டும் அம்மாவுக்கு அனுப்பினேன். "சந்தோசம்" என்று பதில் வந்தது. அதன் பிறகு பேசுகிறபோதெல்லாம் உடம்பு, மழை, சொந்தக்காரர் கல்யாணம் என்று பேசுகிறோம். முட்டைப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு சரக்குக் கப்பலின் ஆட்கள் மாறும்போது, இறங்கியவர்களை எங்கள் ஓட்டலில் இரண்டு நாள் தங்க வைத்தார்கள். காலையில் ஒருவர் தட்டோடு, சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் எங்கள் முட்டை அடுப்புக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை. ஆம்லெட்டைக் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, என் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். முகத்தையும் பார்த்தார். "தங்கச்சி தமிழா? இது வேகலியேம்மா" என்றார். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்து மணப்பாட்டுக்காரர். ஒன்பது மாதமாகக் கடலில் இருந்தவர். "இருங்கண்ணே, முறுகலா போட்டுத் தாரேன்" என்றேன்.

யாரும் என்னை எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று மூன்று முட்டை உடைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. வெங்காயமும் மிளகாயும் போட்டு, பொன்னிறமாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார், ஆனால் பாதியில் மெதுவானார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. ருசியெல்லாம் இருக்கு, ஆனா அடை கணக்கா கெட்டியா இருக்கு. தூத்துக்குடி ஹார்பர் ரோட்டுல ஒரு அக்கா தள்ளுவண்டியில போடுவாவ பாரு, அது பஞ்சு மாரி இருக்கும். கப்பலுக்குப் போறதுக்கு முந்தி அங்கன சாப்பிடாமப் போவ மாட்டேன். அவிய கைப்பக்குவம் யாருக்கும் வராது."

அது என் அம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பக்குவம் என்னவென்று கேட்பார். "இன்னொண்ணு போடுதேன், ஒக்காருங்க" என்றேன். டெக்லன் எதிர்ப் பக்கத்தில் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். இரண்டு முட்டை உடைத்தேன். உப்பைக் கிண்ணத்தில் போட்டுக் குழாயைத் திறந்தேன். நாலு ஸ்பூன்.

அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சமையலறையில் கரித்தூள் எதுவும் பறக்கவில்லை.